பெட்ரோலும் டீசலும்

மலைப்பாதையின் வளைவை ஒட்டிய அந்த வீட்டின் மாடிக்கு முந்தின நாள்தான் குடிவந்திருந்தார் கேஷியர். காலையில் கீழே வந்தவர், ஷெட்டை எட்டிப் பார்த்து அசந்துபோனார். வீட்டுக்காரம்மா டார்ச்சைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜாக்கி, காற்றடிக்கும் பம்ப், பேட்டரி ஒயர், இழுவைக் கயிறு, மருந்துப் பெட்டி எல்லாம் பளிச்சென்று துடைத்து வைக்கப்பட்டிருந்தன.

“கார் மேல இவ்வளவு அவநம்பிக்கையாக்கா?”

“நடுரோட்டுல மக்கர் பண்ணினா என்ன செய்யறது தம்பி?”

மூலையில் பெட்ரோல் கேனும் டீசல் கேனும் ஒட்டி நின்றன. கேஷியருக்குச் சிரிப்பு முட்டியது.

“உங்க கார் ரெண்டையும் குடிக்குமா?”

“எது கேக்கும்னு முன்கூட்டியே தெரியாதே.”

பாவம், இந்த அம்மாவுக்கு வண்டியைப் பற்றி அரிச்சுவடியே தெரியவில்லை என்று முடிவுகட்டினார் கேஷியர்.

“நான் வேணா ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கட்டுமா?” என்று ஷெட்டின் நடுவில் மூடிக் கிடந்த தார்ப்பாயை விலக்கினார்.

அடியில் ஒரு தள்ளுவண்டி நின்றது.

“கார் எங்கக்கா?”

“நாங்க எங்க கார் வாங்கினோம்? எனக்கு ஓட்டவே தெரியாது. மேடேறி வர்ற வண்டியில பாதி இந்த வளைவுலதான் மூச்சை விடுது. அவங்களை அப்படியே விட்டுட்டு எப்படி உள்ள உக்காந்திருக்கறது?”



வெளியே ஓர் இன்ஜின் இருமி அடங்கியது. அதற்குள் சாமான்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டார் அந்த அம்மா. கேஷியர் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினார்.

சமையலறையிலிருந்து அந்த அம்மாவின் கணவர் குரல் வந்தது.

“எத்தனை பேர்னு பாத்துச் சொல்லு, டீ போடணும்.”