எங்க ரெண்டு பேர்

"எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு தைச்சிடுங்கக்கா."

பெரியவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "ஸ்கேன்ல ஒண்ணுதானே இருக்குன்னாங்க?"

"ஒண்ணுதான்."

"பின்ன எதுக்கு ரெண்டு?"

"ஆண்டவர் கொடுக்கணும்னு நினைச்சா ஸ்கேனைக் கேட்டுட்டா கொடுப்பார்?" என்று சிரித்துவிட்டு, இடுப்பைப் பிடித்தபடி அசைந்து அசைந்து உள்ளே போனாள் சின்னவள்.

அண்ணன் தம்பி இருவரும் ஒரே வீட்டில். அண்ணன் மனைவி பெரியவள், தம்பி மனைவி சின்னவள். சபையிலும் அவர்களுக்கு அதுதான் பெயர். முன்னறையில் பெரியவளின் தையல் மெஷின். கல்யாண கவுன் முதல் பள்ளிக்கூடச் சீருடை வரை எல்லாம் தைப்பாள். கைக்குழந்தைச் சட்டை என்று யாராவது வந்தால் மட்டும், "இப்ப கை நிறைய வேலை" என்று திருப்பி அனுப்பிவிடுவாள்.

இது வீட்டுப் பிள்ளை. தட்ட முடியுமா?

துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட பருத்தித் துணியாகத் தேடி எடுத்து வெட்டினாள். பிஞ்சுத் தோலில் உறுத்தாமல் இருக்கத் தையலை வெளிப்பக்கம் விட்டாள். பித்தானுக்குப் பதில் நாடா. முதல் சட்டை முடிந்ததும், எங்கேயாவது குத்துகிறதா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். குத்தவில்லை. ஆனாலும் உடனே எடுக்க மனம் வரவில்லை.

இரண்டாவது சட்டைக்குத் துணியைப் போட்டபோதுதான் எரிச்சல் கிளம்பியது. ஒருத்திக்கு ஒன்றுக்கே வழியில்லை, இன்னொருத்திக்கு ஒன்று போதவில்லை!

சாப்பாட்டு மேஜையில் புருஷனிடம் அதைக் கொட்டினாள். "உங்க தம்பி பொண்டாட்டிக்கு ரெட்டைப் பிள்ளை வேணுமாம்."

"கேட்டா கேட்டுட்டுப் போறா. உனக்கென்ன?"

"எனக்கென்ன! ஆசைக்கும் ஒரு அளவு வேண்டாமா?"

அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார். அந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று அவருக்குத் தெரியும்.

சபையில் பெண்கள் ஜெபக்கூட்டம் என்றால் பெரியவள்தான் முன்னால். எந்த வீட்டில் யார் உண்டானாலும், "அக்கா, ஒரு வார்த்தை ஜெபிங்க" என்று அவளிடம்தான் வந்து நிற்பார்கள். அவள் ஜெபித்தால் சுகப்பிரசவம் என்று பேர். அப்படிப் பிறந்த வாண்டுகள் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் காலைச் சுற்றிச் சுற்றி ஓடும்.

தனக்கென்று கேட்பதை மட்டும் அவள் எப்போதோ நிறுத்திவிட்டாள். டாக்டர் இன்னும் கைவிரிக்கவில்லை, "பொறுங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். பொறுத்துப் பொறுத்து அவளே கைவிரித்துவிட்டாள். ஆனால் ஆசை நிற்கவில்லை. அதை எப்படி நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்த வாரக் கூட்டத்தில் சின்னவளை நடுவில் உட்கார வைத்தார்கள். பெரியவள் அவள் தலைமேல் கைவைத்து, தாயும் பிள்ளையும் நல்லபடியாகப் பிரிய வேண்டும் என்று வழக்கம்போல உருக்கமாக ஜெபித்தாள். முடித்ததும் சின்னவள் கண்ணை மூடியபடி தானும் வாய்திறந்தாள்.

"ஆண்டவரே, எங்க ரெண்டு பேர் கையிலயும் பிள்ளையைத் தாரும். ஒரு கைகூட வெறுங்கையா இருக்கக் கூடாது ஆண்டவரே."

எல்லாரும் "ஆமென்" என்றார்கள். பெரியவள் மட்டும் சொல்லவில்லை.

எங்க ரெண்டு பேராம்! புருஷன் கையில் ஒன்று, பொண்டாட்டி கையில் ஒன்று. பக்கத்திலேயே ஒருத்தி வெறுங்கையோடு நிற்கிறாளே, அது கண்ணில் படவில்லை. அவளவள் பாடு அவளவளுக்கு. இதற்குப் பேர் விசுவாசமா?

அன்றிலிருந்து சின்னவளோடு பேச்சைக் குறைத்துக்கொண்டாள். தைத்ததை எல்லாம் மடித்து அவள் கட்டில்மேல் வைத்ததோடு சரி.

வலி ஒரு காலை வேளையில் வந்தது. தம்பி வண்டி பிடிக்க ஓடினான். கோபம் ஒருபக்கம் இருந்தாலும் வலி கண்டவளை விட்டுவிட முடியுமா? பெரியவள் அவளைத் தாங்கிப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கட்டி வைத்திருந்த பையைத் திறந்து சரிபார்த்தாள்.

சட்டை, தொப்பி, போர்வை. எல்லாம் ஒவ்வொன்றுதான் இருந்தது.

அவளுக்குச் சுருக்கென்றது. "முதுகொடிய ரெண்டு ரெண்டா தைக்க வச்சியே, மத்தது எங்கே?"

"உங்க அலமாரியில இருக்குக்கா. உங்க கல்யாணத் துணிக்கு அடியில வச்சேன்."

"என் அலமாரியிலயா? அங்க எதுக்கு?"

அடுத்த வலி வந்துவிட்டது. சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு பெரியவளின் கையைப் பிடித்தாள். வாசலில் வண்டியின் ஹாரன் சத்தம் கேட்டது. வலி இறங்கிய பிறகும் பிடித்த கையை விடவில்லை.

"ஊருக்கெல்லாம் கேக்குறீங்க, உங்களுக்குக் கேக்குறதை மட்டும் விட்டுட்டீங்களேக்கா. அதான் நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து நானே கேட்டுக்கிட்டிருக்கேன்."