மாதுளைச் சிவப்பு

துனிஸ் நகரத்தின் அந்தப் பழைய வீட்டில் ரமலானுக்கு வெள்ளையடிக்கும்போதெல்லாம், படுக்கையறைக்கு மட்டும் மாதுளைச் சிவப்பு வேண்டும் என்று ரதியா கேட்பாள்.

"எங்கப்பா கட்டுன வீடுடி. வெள்ளையைத் தவிர வேற எதையும் அடிக்க விடமாட்டேன்" என்று கணவன் லமீன் வாயை அடைத்துவிடுவான்.

இந்த வருடம் அவனே சொன்னான். "உனக்குப் பிடிச்ச கலரையே அடிச்சுக்கோ."

அன்றைக்கு அவனுக்குப் பிடித்த ஆட்டுக்கறி கூஸ்கூஸ் சமைத்தாள் ரதியா.

மறுநாள், பெயின்டர் முன்சிஃப் ஒரு கோட்டு அடித்துவிட்டு பிரஷைக் கழுவ ஆரம்பித்தார். சிவப்புக்கு அடியில் பழைய வெள்ளை திட்டுத்திட்டாகத் தெரிந்தது.

"இன்னொரு கோட்டு அடிக்கலையா அண்ணே?"

"எதுக்கும்மா? ஒண்ணு போதும்னு லமீன் சொல்லிட்டாரு. பெருநாள் கழிஞ்சதும் வீட்டை வாங்கினவங்க இடிக்கத்தானே போறாங்க."

முற்றத்திலிருந்து லமீன் குரல் கொடுத்தான்.

"என்ன ரதியா, இப்ப சந்தோஷமா?"