அம்மாவின் வியாதி

"அம்மாவுக்குக் கேன்சர் ஒரு மார்புல மட்டுமா, ரெண்டுலயுமா? அது வந்தப்போ அவங்களுக்கு என்ன வயசு? ரெண்டே கேள்விதான், லூ. பதில் சொல்லு."

லூவேன் நிமிரவில்லை. விரித்த மாவுக்குள் இறைச்சியையும் உருளைக்கிழங்கையும் வைத்து மடித்து, ஓரத்தை விரலால் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"மறந்துபோச்சு."

"மறந்துபோச்சா? அம்மா போனப்போ உனக்குப் பத்தொன்பது வயசு. எனக்குத்தான் ஒன்பது."

"நாப்பத்து மூணு வருஷம் ஆச்சுடி."

ரோண்டாவுக்கு மறுபடி உடம்பு கொதித்தது. கழுத்தில் கிளம்பி முகம் முழுக்கப் பரவியது. எழுந்துபோய்ச் சமையலறைக் கதவைத் திறந்துவிட்டு நின்றாள். ஏரிப் பக்கமிருந்து பனிக்காற்று சீறிக்கொண்டு வந்தது.

"கதவைச் சாத்து. குழாய் உறைஞ்சுபோகும்" என்றாள் அக்கா. "உன்னை இப்படியே உக்கார வெச்சா எனக்கு அடுப்புச் செலவு மிச்சம்."

"கிண்டல் பண்ணாதே லூ. நாலு மாசமா ராத்திரி ரெண்டு மணி நேரம் தூங்கினா அதிகம். நான் ஓட்டறது ஸ்கூல் பஸ். முந்தாநாள் ரயில்வே கிராசிங்ல நிறுத்தினேன். எதுக்கு நிறுத்தினேன்னு எனக்கே தெரியல. பின்னால முப்பது பசங்க."

லூவேன் அடுத்த மாவை எடுத்து விரித்தாள்.

"ஹார்மோன் சிகிச்சை ஆரம்பிக்க எல்லாம் தயார். பிரஷர் பாத்தாச்சு, ரத்தம் குடுத்தாச்சு, மேமோகிராம் சுத்தம். அம்மாவுக்கு மார்புப் புற்றுநோய்னு நான் எழுதினதைப் பாத்துட்டுத்தான் டாக்டர் நிறுத்தி வெச்சிருக்காங்க. விவரம் தெரியாம மருந்து தர முடியாதாம்."

"எனக்கும்தான் மாதவிலக்கு நின்னுச்சு. நான் என்ன ஊரைக் கூட்டினேனா? கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு. தானா சரியாயிடும்."

"நான் செத்தாலும் நீ இப்படித்தான் மாவு மடிச்சுக்கிட்டு இருப்பே, இல்ல?"

லூவேனின் கை நின்றது.

"அந்தப் பேச்சை என் வீட்டுல பேசாதே. கிளம்பு."

ரோண்டா கோட்டைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியேறினாள். கூடப் பிறந்தவள் என்று இருப்பது இவள் ஒருத்திதான். விவாகரத்து ஆனபோது வந்து நின்றதும் இவள்தான். இப்போது இரண்டு வார்த்தை சொல்ல இவ்வளவு அழுத்தமா?

மறுநாளே மாவட்ட அலுவலகத்தில் அம்மாவின் இறப்புச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்தாள். சாவுக்கான காரணம் அதில் இருக்கும். அக்காவின் தயவு தேவையில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை சான்றிதழ் தயாரானது. அன்றைக்குப் பார்த்து டாக்டரும் வரச் சொல்லியிருந்தார்.

அலுவலக வாசலில், காரில் உட்கார்ந்து உறையைப் பிரித்தாள்.

வயது: ஐம்பத்தொன்று. இடம்: சுப்பீரியர் ஏரி. காரணம்: நீரில் மூழ்கி மரணம். அதற்குக் கீழே ஒரு கட்டத்தில், தட்டச்சில் ஒரே ஒரு சொல்: தற்கொலை.

புற்றுநோய் என்ற பேச்சே அதில் இல்லை.

முப்பத்தைந்து வயதிலிருந்து வருஷா வருஷம் மேமோகிராம் எடுத்துவிட்டு, முடிவு வருகிறவரை சோறு இறங்காமல் கிடந்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. ஐந்து நிமிஷம் காரைக் கிளப்ப முடியவில்லை. பிறகு நேராகப் போய், டாக்டர் பெலாங்கரின் மேஜைமேல் அந்தத் தாளை வைத்தாள்.

"பாருங்க. எங்கம்மாவுக்குக் கேன்சரே இல்ல. இத்தனை வருஷமா எங்கக்கா என்னை ஏமாத்தியிருக்கா. நான் இந்த மருந்துக்காகத் தவிக்கறதைப் பாத்துக்கிட்டு, அப்பவும் வாயைத் திறக்கல. அவ எல்லாம் ஒரு மனுஷியா?"

டாக்டர் தாளைப் படித்துவிட்டு மெதுவாகத் திருப்பி வைத்தார்.

"எனக்குத் தெரியும், ரோண்டா. உங்க அக்கா செவ்வாய்க்கிழமை இங்க வந்திருந்தாங்க."

"லூவேனா? இங்கயா?"

"'எங்கம்மாவுக்குப் புற்றுநோய் கிடையாது, நான்தான் பொய் சொன்னேன், என் தங்கச்சிக்கு மருந்தைக் குடுத்துடுங்க'ன்னாங்க. உண்மைக் காரணத்தை மட்டும் உங்ககிட்ட சொல்லிட வேண்டாம்னு கெஞ்சினாங்க. இப்போ உங்களுக்கே தெரிஞ்சுபோச்சு. இனி மறைக்க ஒண்ணுமில்ல."

"எதுக்கு அப்படி ஒரு பொய்?"

"வியாதின்னு சொன்னா, அந்தச் சின்னப் பொண்ணு யாரையும் குத்தம் சொல்லாது, தன்னையும் சொல்லிக்காதுன்னு நெனச்சாங்களாம்."

ரோண்டா கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க" என்றார் டாக்டர். "உங்களுக்கும் அந்த மாதிரி எண்ணம் வருதா?"

ரோண்டா மேஜைமேல் இருந்த தாளை எடுத்து மடித்தாள். பிறகு அவள் தலை மெல்ல, மேலும் கீழும் அசைந்தது.

டாக்டர் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சொன்னீங்களே, அதுவே நல்லது. தோல்ல ஒட்டிக்கற ஹார்மோன் பட்டை இன்னிக்கே எழுதித் தரேன். ஆனா அது மட்டும் போதாது. இதுக்குன்னு இருக்கற டாக்டரை இப்பவே கூப்பிடறேன், இன்னிக்கே பாத்துடலாம். பஸ்ஸைக் கொஞ்ச நாள் வேற யாராவது ஓட்டட்டும்."

"அக்காவுக்கு இது தெரியுமா?"

"நீங்க சாவைப் பத்திப் பேசினதும் சந்தேகம் வந்துதான் ஓடி வந்தாங்க. உங்கம்மாவும் கடைசி நாலு மாசம் இப்படித்தான் தூக்கமில்லாம இருந்தாங்களாம்." டாக்டர் ஒரு கணம் தயங்கினார். "கிளம்பறப்போ, கதவுகிட்ட நின்னு சொன்னாங்க: 'மருந்து வேலை செய்யற வரைக்கும் அவளைத் தனியா விட மாட்டேன், டாக்டர். அன்னிக்கு விடியக்காலைல அம்மா எழுந்து போனப்போ நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். தண்ணி குடிக்கப் போறாங்கன்னு நெனச்சு, திரும்பிப் படுத்துட்டேன்.'"