பதினாறு படிவங்கள்

முடக்குவாதம் உள்ளவர்களின் இதயத்தை ஆராயும் கடத்தூர் முகாமில், படிவம் நிரப்பும் கேத்தரின் கேட்கிறாள்: “நெஞ்சு வலி வருங்களாக்கா?” எதிரே அமுதவல்லி, கோணிப்போன விரல்களை ஜன்னல் வெயிலில் காயவைத்தபடி அமர்ந்திருக்கிறாள். “அதெல்லாம் இல்லைங்க.” பேனா ‘இல்லை’ என்ற கட்டத்தில் விழுகிறது. ஈ.சி.ஜி. எடுக்கப் படுக்கச் சொன்னதும் அந்த விரல்கள் ஜாக்கெட் கொக்கியிடம் தோற்கின்றன, கேத்தரினே கழற்றிவிடுகிறாள். நெஞ்சின் நடுவே தைலம் பளபளக்கிறது, மூட்டுக்குப் பூசும் அதே நெடி. “இங்க எதுக்குங்கக்கா தைலம்?” “இதுவும் வாதந்தாங்க. ஏரிக்கரை ஏறுனா நெஞ்சுக்கு வந்துருது. கொஞ்ச நேரம் உக்காந்தா போயிருது.” கேத்தரினின் கை கொக்கியிலேயே நிற்கிறது. மேசையில், காலையிலிருந்து அவள் நிரப்பிய பதினாறு படிவங்கள் மின்விசிறிக் காற்றில் படபடக்கின்றன. எல்லாவற்றிலும் நெஞ்சு வலிக்கு ‘இல்லை’.