மடகாஸ்கர் ஊழியம்

"வாரத்துல ஒரு நாள் எனக்கு லீவு வேணும்."

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று அம்மா நூறு தடவை சொல்லியிருந்தும் ரோஸ்லின் கேட்டுவிட்டாள்.

"ஊழியத்துக்கு இன்னாம்மா லீவு?" என்றார் பாகூரில் அவர்கள் வீட்டுக்கு வந்திருந்த பாஸ்டர். "மடகாஸ்கர்ல தினம் இருபது பேருக்குச் சமைக்கணும். சாயந்திரம் பிள்ளைங்களுக்குப் பாட்டு கிளாஸ்."

"பிரசங்கம்? அங்க பிரெஞ்சும் பேசுவாங்களே. நான் பிரெஞ்சு எம்.ஏ. ஐயா."

"அத அங்க இருக்கிற எழிலரசன் பாத்துக்குவான்."

"அவருக்குப் பிரெஞ்சு தெரியுமா?"

"நீ போய்க் கத்துக் குடு."

பாஸ்டரின் மனைவி சிரித்தபடி ரோஸ்லின் தலையில் பூ வைக்க வந்தாள். "எங்க புள்ள எழிலரசனுக்கு ஏத்த பொண்ணுதான். அடுத்த மாசமே கல்யாணத்த வெச்சிக்கலாம்."

ரோஸ்லின் எழுந்தாள்.

"அதே மடகாஸ்கர் மிஷன்ல பிரசங்கத்துக்கு என்னை எடுத்துட்டாங்க ஆண்ட்டி. இன்னிக்குக் கையெழுத்துப் போடணும். உங்க புள்ளைய சமையல் கத்துக்கச் சொல்லுங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.