மோகனத்துக்கு ஒரு மிதி

மதிவதனி மேடையிலேயே குந்திவிட்டாள். பட்டுப்புடவை கசங்கினால் கசங்கட்டும், பெட்டியைக் கடைசியாக ஒருமுறை சரிபார்த்துவிட வேண்டும்.

அது கிடாரோடு சேர்கிற, காலால் மிதித்து இயக்குகிற எஃபெக்ட்ஸ் பெட்டி. அவள் ஒரு சுரம் வாசித்தால் அது இன்னொரு சுரத்தைச் சேர்த்துக் கூடவே பாடும். நல்ல குரல்தான். ஆனால் அதற்கு மோகனம் தெரியாது. ரி வாசித்தால் ம சேர்க்கும், ப வாசித்தால் நி சேர்க்கும். மோகன ராகத்தில் அந்த இரண்டுக்கும் பத்திரிகையே வைக்கவில்லை.

அழையா விருந்தாளிகளை வெளியே அனுப்ப ஒரு வாரம் பிடித்தது. ரிக்கு ப, பவுக்கு மேல் ஸ என்று எந்தச் சுரத்துக்கு எத்தனை படி ஏற வேண்டுமென ஒவ்வொன்றாக அவளே பதிந்து வைத்தாள். வீட்டுக் கூடத்தில் வெறுங்காலால் மிதித்து மிதித்துப் பார்த்தாள். ஒருநாளும் பிசகவில்லை.

இப்போது வேங்கிக்கால் மண்டபம் நிறைந்திருக்கிறது.

முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு ஆதிமூலம். கீழ்பென்னாத்தூரில் மணிலாக்கடலை போடுகிறவர், சிரித்துப் பழக்கமில்லாத முகம். அவருக்குப் பிடித்தால் கிடாரும் பெட்டியும் கீழ்பென்னாத்தூர் போகும். பிடிக்காவிட்டால் இரண்டுக்கும் அம்மா வீட்டுப் பரண்தான். கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று அவர் இறங்கி வந்ததே பெரிய விஷயம்.

மதிவதனி கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

எழுந்து வாசிக்கத் தொடங்கினாள். முதல் இரண்டு வரி தனிக் கிடார். மூன்றாவது வரியில் பட்டனை மிதித்தாள்.

சத்தமே இல்லை.

மறுபடி மிதித்தாள். ஊஹூம். அவள் கால்விரல் பக்கத்துப் பட்டனையும் சேர்த்து அமுக்கிக்கொண்டிருந்தது. இரண்டையும் சேர்த்து அமுக்கினால், சுருதி பார்க்கிறார்கள் என்று நினைத்துப் பெட்டி வாயை மூடிக்கொள்ளும்.

ஆதிமூலம் கையை இன்னும் இறுக்கிக் கட்டினார்.

பக்கத்தில் நின்ற சரவணகுமார் சட்டென்று மண்டியிட்டான். புதிதாகத் தைத்த கோட்டு முதுகில் படபடவென்று பிரிந்தது, அதை அவன் கண்டுகொள்ளவில்லை. அவள் பாதத்தை இரண்டு கையாலும் தூக்கி, லேசாகத் திருப்பி, ஒரே ஒரு பட்டன் மேல் வைத்து அழுத்தினான்.

மோகனம் இரண்டு குரலில் கிளம்பியது. ம இல்லை, நி இல்லை.

மண்டபம் சிரித்தது, கைதட்டியது. இதே பாதத்தை இதே கை தூக்கி வைத்ததைக் காலையில் கோயிலிலும் எல்லோரும் பார்த்திருந்தார்கள். பக்கத்துப் பட்டனில் இடித்த அந்தத் தடித்த வெள்ளி மெட்டியை மாட்டிவிட்டதும் அவன்தான்.

பாட்டு முடிந்ததும் ஆதிமூலம் எழுந்து வந்து மருமகளின் பெட்டியைக் குனிந்து பார்த்தார்.

"அம்மியத்தான் கோயில்லயே வுட்டுட்டு வந்துட்டோம். இத மறக்காம எடுத்துட்டு வந்துடும்மா."