நாலாம் நம்பர் தராசு

பித்தளை எடைக்கல்லைச் சபாபதி இடுக்கியால் தூக்கினான். அது இருந்த தட்டில் மஞ்சளாக ஒரு பொட்டு ஒட்டியிருந்தது.

ஈரம் காயாத சந்தனம்.

அவனுடைய அப்பா, சயன்ஸ் ரூம் பியூன் பக்கிரிசாமி, சுவரோரம் நின்றபடி அதைப் பார்த்தான். சபாபதி தலை நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தான்.

அன்றைக்கு ஆயுத பூஜை. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு அதெல்லாம் எங்கே தெரியப் போகிறது. அன்றைக்கென்று பார்த்துத்தான் பரீட்சை வைத்தார்கள். ஜனவரியில் சயன்ஸ் கிளாஸ் புதிதாக ஆரம்பிக்கிறார்கள். இடம் பன்னிரண்டு, கேட்டவர்கள் நாற்பது பேர். கொடுத்த இரும்புத் துண்டை நிறுத்துச் சரியான எடையை எழுதுகிறவனுக்கு இடம். மற்றவன் டைப்ரைட்டிங் படித்து ஆபீஸில் குமாஸ்தாவாக, கிராணி வேலைக்குப் போகலாம்.

சபாபதிக்குக் கிராணி வேலை வேண்டாம். சயன்ஸ் படித்தால் சிங்கப்பூரில் டாக்டர் படிப்புக்குப் போகலாம் என்று எவனோ சொல்லிவிட்டான். இரண்டு வருடமாக வீட்டில் அதே பேச்சு. சோற்றில் கை வைத்தாலும் அதே பேச்சு.

செந்தூல் ரயில்வே பட்டறையில் பக்கிரிசாமியின் அண்ணன் ரெங்கசாமி வருடா வருடம் சம்மட்டிக்கும் லேத்துக்கும் சந்தனம் வைப்பார். எஞ்சினுக்கே மாலை போடுவார்கள். வெள்ளைக்கார ஃபோர்மன்கூடப் பொரிகடலையை வாங்கி மென்றுகொண்டு நிற்பான். பட்டறைக்கு ஆகிறது சயன்ஸ் ரூமுக்கு ஆகாதா?

பக்கிரிசாமி ஒன்றும் விவரம் கெட்டவன் இல்லை. எடைக்கல்லைக் கையால் தொடாதே என்று சயன்ஸ் மாஸ்டர், வெள்ளைக்காரத் துவான், படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மூலஸ்தானத்தில் கண்டவனும் கை வைக்க முடியுமா, இதுவும் அந்த மாதிரிச் சுத்தம் என்று இவன் எடுத்துக்கொண்டான். அதனால்தான் காலையில் தலைக்குக் குளித்து, ஈர வேட்டியோடு வந்து, விரல் படாமல் ஈர்க்குச்சியால் சந்தனம் தொட்டுப் பெரிய கல்லின் அடியில் வைத்தான்.

நாலாம் நம்பர் தராசுக்கு மட்டும். மகனுக்கு ஒதுக்கிய தராசு அது. மற்ற பிள்ளைகளின் கல்லுக்கு வைக்கவில்லை. கொஞ்சம் கள்ளத்தனம்தான், என்ன செய்வது, பெற்ற மனசு.

மூச்சுக்காற்று பட்டாலே ஆடுகிற தராசு அது என்று அவனுக்குத் தெரியும். கண்ணாடிப் பெட்டியைத் தினமும் துடைக்கிறவனே அவன்தான். ஆனாலும் சாமிக்கு வைத்த பொட்டுக்கு எடை உண்டு என்று அந்தப் பாவி மனுஷனுக்குத் தோன்றவே இல்லை.

துவான் வந்து சபாபதி எழுதிய எண்ணைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். பிறகு தட்டைப் பார்த்தார். கல்லைத் திருப்பி அடியைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

இங்கிலீஷில் என்னவோ கேட்டார். பாஷை புரியாவிட்டாலும் கேட்டது என்ன என்று பக்கிரிசாமிக்குப் புரிந்தது.

நான்தான் துவான் என்று சொல்ல வாயைத் திறந்தான்.

அதற்குள் சபாபதி தன் நெஞ்சில் விரலை வைத்துக் காட்டினான்.

துவான் லிஸ்ட்டை எடுக்க மேசைப் பக்கம் போனார். நாலே எட்டுதான். பக்கிரிசாமி கிட்டே ஓடினான். மகன் குனிந்த தலை நிமிராமல் சொன்னான்.

"கேட்டா ஆமான்னு சொல்லிருங்கப்பா. உங்க வேலை போச்சுன்னா நம்ம நாலு பேரையும் கப்பல்ல ஏத்திருவாங்க."

பொய்யில்லை. இரண்டு வருடமாக அதுதான் நடந்துகொண்டிருந்தது. தொழில் மந்தத்தில் வேலை போனவர்களை மூட்டை முடிச்சோடு கிள்ளான் துறைமுகத்துக்குக் கொண்டுபோய், நாகப்பட்டினம் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் இவர்கள் இருந்த வரிசையில் மட்டும் ஏழு வீடு காலி. வீரம்மாவையும் சின்னவள் லெட்சுமியையும் கூட்டிக்கொண்டு அங்கே போய் எதைத் தின்பது?

பள்ளிக்கூடத்துக்குள் சபாபதி அவனை அப்பா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பியூன் மகன் என்று பையன்கள் கேலி செய்வார்கள், கூப்பிடாதே என்று பக்கிரிசாமியே சொல்லி வைத்திருந்தான். இந்த வருடம்தான் வந்த துவானுக்கு இவன் யார் பிள்ளை என்று தெரியாது.

துவான் திரும்பி வந்தார். இந்தப் பையன் செய்ததை நீ பார்த்தாயா என்று மலாயில் கேட்டார்.

பக்கிரிசாமி மகனைப் பார்த்தான். மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடா, துவான்" என்றான். பார்த்தேன் என்று.

சொன்ன நாக்கை அறுத்துப் போட்டால் தேவலை என்றிருந்தது.

துவான் சபாபதியின் பேரில் ஒரு கோடு கிழித்தார். அவன் பென்சிலையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

நீ ஒருத்தனாவது உண்மை பேசுகிறாயே என்று சொல்லி, துவான் பக்கிரிசாமியின் தோளில் தட்டிக்கொடுத்தார்.